ஃபெர்மா சறுக்கிய எண்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். பத்து இலக்க எண்ணில் ரசிக்க என்னடா இருக்கிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கு ஒரே எண்ணை வைத்துப் பதில் சொல்கிறேன்: 4294967297.

32 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இது வரும். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று வைத்தால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும், ஐந்தும் பகா எண்கள். இப்படியே போனால் எல்லாமே பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் நம்பினார், நிரூபணம் மட்டும் அவரிடம் இல்லை. அடுத்த அடுக்கு 32, அதில் வருவதுதான் நம்ம எண். 1729இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றி இன்னொரு கணிதரான ஆய்லருக்கு ஒரு கடிதம் போட்டார் (அவர்களும் நம்மைப் போலக் கடிதக்காரர்கள்தான்), 1732இல் ஆய்லர் அதை உடைத்தே விட்டார்: 641 × 6700417.

எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அழகு. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டான்! இந்த நிபந்தனை ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலிருந்தே வருகிறது என்பதுதான் வேடிக்கை. ஐந்து வகுத்தல் போட்டுப் பார்க்காமல் எப்படி விட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வகுக்கவே பிடிக்காதா? சரி, 641 என்பது 5 × 128 + 1, அதே 641 தான் 625 + 16. 641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் (641 என்பது அங்கே 0) 5 × 128 என்பது −1, அதை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியது 1 ஆகிறது, ஆனால் 625க்குப் பதில் −16 போடலாம், 16 என்பது 2இன் நான்காம் அடுக்கு, ஆக 2இன் 32ஆம் அடுக்கு −1, ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். முடிந்தது கதை.

இரண்டைக் கழித்தால் 4294967295. முன்னால் சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கல் அப்படியே இதுதான், 32 பிட்டில் (0 அல்லது 1 மட்டும் நிரப்பும் 32 இடங்களில்) கணினி வைத்துக்கொள்ளும் மிகப் பெரிய எண்ணும் இதுவே. அந்த 32 பிட்டுக்குள் நம்ம எண்ணைத் திணித்தால் வெறும் 1 என்று காட்டும்!

அப்புறம், அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்து வரும் 28 எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கடுத்தது மட்டும் தொங்கலில் நிற்கிறது, 258 கோடி இலக்கத்துக்கு மேல், நீ முயன்று பார்.

உனக்கு ஒரு வேலையும் தருகிறேன். 65536இன் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டினால் நம்ம எண், 62264, 20449 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே எண். ஒரு பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது, ஏன் என்று யோசித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ரவி