கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடும் பேட்டிப் பதிலோடு அதற்கான கேள்வியையும் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சுற்றியிருப்பதை வெட்டினால் சொல் எப்படி மாறிப்போகிறது என்பதற்கு முதலில் மழைச் செய்தியையே பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சென்னைவாசிகள் பேப்பரில் முதலில் தேடுவது வானிலைச் செய்தியைத்தான். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிக்கையில் ‘சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்’ என்று இருக்கும். உங்கள் தலைப்பில் அது ‘சென்னையில் கனமழை’ ஆகிவிடுகிறது. இடம் போதவில்லை என்பீர்கள், சரி. ஆனால் வெட்டுப்பட்ட ‘ஓரிரு இடங்களில்’ சும்மா ஒட்டிக்கொண்டு வந்த சொல் இல்லை. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம் என்றால்தான் ‘ஓரிரு’. பாதி வரை போனால் ‘ஒருசில’, முக்கால் வரை ‘அநேக’, அதற்கும் மேலே ‘பெரும்பாலான’. அளந்து வைத்த படிகள் இவை.

‘கனமழை’யும் அப்படித்தான். டீக்கடையில் நிற்கும் நமக்குக் குடையை மீறி நனைத்தால் கனமழை. வானிலை மையத்துக்கு 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும். 115.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மறுநாள் வெயில் அடித்தால் திட்டு வாங்குவது என்னவோ வானிலை மையம்தான். மீனம்பாக்கத்தில் கொட்டித் தீர்த்திருக்கும், அண்ணா நகரில் துணி காய்ந்திருக்கும், அறிக்கையும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். அக்டோபர் பிறந்ததும் இந்த அளவுகளை ஒரு சின்னக் கட்டத்தில் தினமும் போட்டால் எங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்பதற்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘வினையினும் இனத்தினும் சார்பினும்’ என்று வழி சொல்கிறது. கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் அவன் கேட்பது குதிரையை என்று உரை விளக்கும். மாங்காயை நீட்டினால் உதைதான் கிடைக்கும். அவன் வாயில் குதிரை என்ற சொல்லே வரவில்லை, கவசத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் இலக்கணம் தேவையில்லை. அண்ணா சாலையில் சிக்னலைப் பார்க்காமல் குறுக்கே ஓடினால் பஸ் டிரைவர் தலையை நீட்டி, “இன்னா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்பார். விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு பாட்டி இதையே கேட்டால் அது கரிசனம். வாக்கியத்தை மட்டும் அச்சில் போட்டால் எது திட்டு, எது கரிசனம் என்று யார் சொல்வது? ஊருக்குப் புதிதாய் வந்தவர் பயந்துபோய், “சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்” என்று டிரைவருக்குப் பதில் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

பஸ் என்றதும் அதில் எழுதி வைக்கிற குறள் நினைவுக்கு வருகிறது. ஒற்றைக் குறளாகப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்பதை லீவு லெட்டர் எழுதுகிறவர் முதல் பட்டிமன்றப் பேச்சாளர் வரை எடுத்து வீசுகிறார்கள், வள்ளுவரே பொய்க்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்பது போல. அதே குறளில் ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று நிபந்தனை இருக்கிறது. குற்றமற்ற நன்மை என்கிறார், நமக்கு ஒரு நாள் லீவு கிடைக்கும் நன்மையை அல்ல. அதோடு இது இருப்பது வாய்மை அதிகாரத்தில், 292-ஆம் குறளாக. அடுத்த குறளே ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று காதைத் திருகுகிறது. வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் வரிசையாக இருக்கின்றன. அங்கே நின்று 291-லிருந்து படித்துப் பார்த்தால் அந்த அனுமதிச் சீட்டு எவ்வளவு சின்னது என்று தெரியும்.

இதெல்லாம் எதற்கு என்றால், உங்கள் பேட்டிப் பக்கத்துக்காக. ‘வாய்ப்பே இல்லை’ என்று ஒருவர் சொன்னதைப் படத்தோடு கட்டம் கட்டி முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். எந்தக் கேள்விக்கு அப்படிச் சொன்னார் என்பது உள்ளே எங்கோ இருக்கிறது. ஆஃபீஸ் போகிற அவசரத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பதில் சிரித்துக்கொண்டு சொன்னதா, மூன்றாவது தடவை கேட்டதும் எரிச்சலில் வந்ததா என்பதை நிருபர் ஒரு வரியில் எழுதிவிடலாம், அவர்தானே நேரில் இருந்தவர். கட்டத்துக்குள் முதலில் கேள்வி, அப்புறம் பதில் என்று போடுங்கள். படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.