சிகாகோ பள்ளிகளுக்கு யார் தலைவர்? நமக்கும் பங்கு உண்டு

வணக்கம் பெற்றோர்களே,

சிகாகோ அரசுப் பள்ளிகளின் தலைமைச் செயல் அதிகாரியை யார் தேர்ந்தெடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கல்விப் போர்டுதான். 1995 முதல் போர்டு உறுப்பினர்களை மேயரே நியமித்து வந்ததால், அந்தப் பதவியும் மேயர் கையில்தான் இருந்தது. 2024 டிசம்பரில், அப்படி நியமிக்கப்பட்ட போர்டு அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பெட்ரோ மார்டினஸைக் காரணம் சொல்லாமலே நீக்கியது. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அப்படி நடந்தது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

இனி நிலைமை வேறு. 2024 நவம்பரில் 10 இடங்களுக்கு முதல் தேர்தல் நடந்தது. 2026 நவம்பரில் 21 இடங்களுக்கும் மக்களே வாக்களிப்பார்கள். அதன் பிறகு தலைமை அதிகாரியைத் தேர்வு செய்வது அந்த போர்டு. அதனால் குடியுரிமை உள்ளவர்கள் வாக்காளர் பதிவை இப்போதே சரிபாருங்கள். வேட்பாளர் வாசலுக்கு வந்தால், எப்படிப்பட்டவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவருவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். வகுப்பறையில் வேலை பார்த்த ஒருவர் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, விசாவில் இருப்பவர்கள்? போர்டு தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் பிள்ளை படிக்கும் பள்ளியின் லோக்கல் ஸ்கூல் கவுன்சில் தேர்தலில் பெற்றோர் எல்லோருக்கும் வாக்கு உண்டு, குடியுரிமை தேவையில்லை. பிரின்சிபலைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலான பள்ளிகளில் அந்தக் கவுன்சில்தான். போர்டு கூட்டத்திலும் முன்பதிவு செய்து பேசலாம்.

பேச விருப்பமுள்ளவர்கள் இங்கேயே பெயர் கொடுங்கள். என்ன பேசுவது என்று சேர்ந்து எழுதிக்கொள்வோம்.