ஒரு தாழ்ப்பாளுக்கு நன்றி

அன்புடையீர்,

காணாமல் போயிருந்த எங்கள் பெரியம்மா கிடைத்துவிட்டார் என்பதை மூன்று நாட்களுக்கு முன் இரண்டே வரியில் தெரிவித்தேன். அதற்கு மேல் எழுத அன்று கை வரவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள வீட்டிலிருந்து அவர் ஏன் கிளம்பினார், அதற்கு முந்தைய இரவு என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் எங்களோடு சேர்ந்து தேடிய உங்களுக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கும் மனு வருவாய்க் கோட்டாட்சியர் முன் இருப்பதால் அவற்றை இங்கே மறுபடி எழுதுவது முறையுமாகாது.

முதல் நன்றி, எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கட்டணக் கழிப்பறையில் சில்லறை வாங்கிப் போடும் அக்காவுக்கு. பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒப்பந்ததாரர் காதுக்குப் போனால் வேலைக்கு ஆபத்து என்கிறார்.

எழும்பூரில் வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலையில், முந்தானை முடிச்சில் மிஞ்சியிருந்த மூன்று ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிப்பதற்கு 10 ரூபாய் என்று எழுதிய பலகைக்கு எதிரே பெரியம்மா வெகுநேரம் நின்றிருக்கிறார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அக்கா அந்தக் காசைப் பார்த்தாராம், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கடைசி ரூமுக்குப் போம்மா, வாளி ரொம்பிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து 41 நாட்கள், பயணிகள் கூட்டம் சேர்வதற்கு முன் நாலரை மணிக்கு அந்தக் கடைசி அறையைக் கழுவிவிட்டு, நீல வாளியை நிரப்பி, கொட்டாங்கச்சியில் ஒரு சோப்புத் துண்டையும் வைத்து, அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். காசில்லாமல் விட்டால் கணக்கு இடிக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் தம் சுருக்குப்பையிலிருந்து 10 ரூபாயை எடுத்து மேசைமேல் இருந்த டப்பாவில் தாமே போட்டிருக்கிறார். பெரியம்மாவின் இரண்டு புடவைகளில் நனைந்த புடவை பின்பக்கச் சுவரில் காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் வரும்வரை அதற்கும் காவல் அவர்தான்.

சோறு கிடைத்ததா, எங்கே படுத்தீர்கள் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்டபோதெல்லாம் பெரியம்மா பதில் சொல்லவில்லை. "தாழ்ப்பாள் போட்டுக்க ஒரு கதவு இருந்துச்சுடா" என்றார், அவ்வளவுதான். நாற்பது வருடம் ஒரு வீட்டை ஆண்டவருக்கு, கூரை போனதைவிட, உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாமல் போனதுதான் பெரிய வதையாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரவில் ஒதுங்க இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்தியிருக்கிறார். சிறுநீர்த் தொற்று முற்றியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். தெருவில் வாழும் வயதான பெண்கள் பலரிடம் இதைப் பார்ப்பதாக அங்கிருந்த செவிலியர் வெகு சாதாரணமாகச் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

இதில் ஒரு கொடுமையும் கலந்திருக்கிறது. குளித்து, தலைவாரி, துவைத்த புடவை கட்டி, மடியில் பையுடன் நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவர் ரயிலுக்குக் காத்திருப்பதாகவே எண்ணியிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு நடைபாதைகளிலும் நிலையங்களிலும் தேடிப்போய் எண்ணியபோது, நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. பெரியம்மாவைப் போன்ற ஒருவர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தால், எண்ண வந்தவர் அவரைப் பயணி என்று நினைத்துக் கடந்துபோயிருக்கமாட்டாரா என்று யோசிக்கிறேன். யோசிக்க எனக்குத் தகுதியில்லை. அந்த 41 நாட்களில் தாம்பரத்திலிருந்து நானே இரண்டு முறை எழும்பூருக்கு வந்து போயிருக்கிறேன்.

அக்கா மட்டும்தான் அவர் பயணியில்லை என்பதைக் கண்டுகொண்டவர். காய்ச்சலில் பெரியம்மாவால் எழுந்திருக்க முடியாமல் போன அன்று தம் மகளை விட்டு முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கச் சொன்னவரும் அவரே. அந்த அழைப்பால்தான் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்துக்குத் தகவல் போனது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இத்தகைய காப்பகங்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது என்பதும், அங்கே தங்கக் கட்டணம் கிடையாது என்பதும் நாளிதழ் தவறாமல் படிக்கும் எனக்கே தெரியாது. விழுப்புரத்திலிருந்து வந்த கிழவிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பெரியம்மாவின் படத்தைப் பகிர்ந்தவர்கள், கிளாம்பாக்கத்திலும் கோயம்பேட்டிலும் விடுமுறை நாளைச் செலவழித்து அலைந்தவர்கள், 108 வண்டியில் உடன் வந்த தம்பி, கேட்காமலே இன்னும் ஒரு இட்லி வைத்த அம்மா உணவகத்துப் பெண்கள், காப்பகத்தில் மூன்று இரவுகள் பக்கத்திலேயே படுத்துக்கொண்ட பணியாளர், முகவரி இல்லாமல் முதியோர் உதவித்தொகைக்கு எழுத முடியாது என்று நாங்கள் திகைத்தபோது காப்பகத்தின் பெயரில் சான்றுக் கடிதம் கொடுத்த பொறுப்பாளர், இப்படிப்பட்ட மனுவுக்கு வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும் என்று உட்காரவைத்து எழுதச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற வருவாய்த்துறை நண்பர் ஆகிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

உங்களில் சிலருக்கே தெரிந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரியம்மா தம் வீட்டைத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்த அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். பத்திரத்தை நான் படிக்கவில்லை. சொந்தத்துக்குள் நடப்பதுதானே என்று, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட முடியாவிட்டால் அந்தப் பிரிவு கைகொடுக்காது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்கு வீட்டைத் திரும்பக் கொடுக்கச் சொன்ன தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது நம்பிக்கையோடு இருக்கிறோம். எங்கள் பத்திரத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி எந்த முதியவரின் பத்திரத்துக்கும், அந்த வரி இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன். கோபித்துக்கொள்ளும் உறவுகள் கோபித்துக்கொள்ளட்டும்.

பெரியம்மா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் வெகுநாளாகச் சரியாக விழுவதில்லை. அவர் வந்த அன்று மாலையே தச்சரை வரவழைத்து மாற்றினோம். நாலரை மணிக்கு எழுந்துகொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நாளுக்குப் 10 ரூபாய் வீதம் 410 ரூபாய் அந்தப் பிள்ளைக்குத் தரவேண்டும் என்று காலையும் மாலையும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகிறேன். அக்கா அதை வாங்கிக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.