வியாழன் பிடித்த சொல்

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் உன்னை 'ஜோவியல்' என்று எழுதியிருக்கிறார், இது பாராட்டா குத்தலா என்று கேட்டிருந்தாய். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதியவனிடம் இப்படியொரு கேள்வியா என்று உன் அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனால் அந்தச் சொல்லில் அவளுக்கும் பங்கு உண்டு.

ஜோவ் என்றால் ரோமானியர்களின் ஜூப்பிட்டர், நம் வியாழன். அந்தக் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்தவன் கலகலப்பானவன் என்று ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல்லை ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது. வியாழன்தோறும் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறவளிடம் இதைச் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்கும் குரு பார்வை தெரியுமா?" என்றாள். சனியும் தெரியும். சிடுமூஞ்சிக்கு அவர்கள் வைத்திருக்கும் 'சாட்டர்னைன்' என்ற சொல் சனி கிரகத்திலிருந்து வந்ததுதான். என் காலத்துத் துரை ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சொல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவர் வந்து நின்றால் நாய்கூடக் குரைக்காது.

சம்பளம் கூடிய மகிழ்ச்சிக்கு ஜோவியல் பொருந்தாது. அதற்கு 'ஹேப்பி' போதும். தனியே உட்கார்ந்து புன்னகைப்பவன் 'சியர்ஃபுல்' ஆக இருக்கலாம், ஜோவியல் ஆக மாட்டான். இதற்குக் கூட்டம் வேண்டும். நாலு பேர் நடுவில் உரக்கச் சிரித்து, அந்த நாலு பேரையும் சிரிக்கவைக்க வேண்டும். உன் தாத்தாவை நினைத்துக்கொள். ரப்பர் பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்களின் வாளி தளும்பும். பெரும்பாலும் தொப்பை வைத்த பெரியவர்களைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். இந்த வயதில் உனக்கு அந்தப் பட்டம் கிடைத்திருப்பதால், எடை கூடிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஆகவே பாராட்டுதான். பொறுப்பில்லாமல் விளையாடுகிறாய் என்று குத்துவதற்கு 'ஃபிளிப்பன்ட்' இருக்கிறது. அதை அவர் எழுதவில்லையே.

ஆனால் தம்பி, போன வாரம் தொலைபேசியில் உன் குரலில் அந்த வியாழனைக் காணவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாய். பகலெல்லாம் ஆபீசில் சிரித்துத் தீர்த்துவிட்டாயோ என்று அம்மா இரவு முழுக்கப் புலம்பினாள். எங்களிடம் சிரிக்காமலும் பேசலாம். ஞாயிறு மாலை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா

எடையை மறக்காமல் சொல். இல்லாவிட்டால் அடுத்த பார்சலில் முறுக்கு இரட்டிப்பாக வரும்.