கோயில் வாரியம்: நியமிப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறநிலையத்துறையை நீக்குவோம் என்று தமிழக பாஜக தொடர்ந்து சொல்லிவருகிறது. கோயில் நிர்வாகத்தை இந்துச் சான்றோரும் துறவிகளும் அடங்கிய தனி வாரியத்திடம் ஒப்படைப்போம் என்பது அக்கட்சியின் 2021 தேர்தல் வாக்குறுதி. கோயில் சொத்து அரசு அலுவலர் கையில் இருப்பது பற்றிய பக்தர்களின் மனக்குறை நியாயமானது. ஆனால் வாரிய உறுப்பினர்களை யார் நியமிப்பது, கணக்கை யார் தணிக்கை செய்வது என்று எழுதிக்காட்டாமல் இதை ஒரு கொள்கையாக ஏற்க முடியாது.

உத்தராகண்டில் இதே கட்சியின் அரசு 2019இல் சட்டம் போட்டு, பத்ரிநாத், கேதார்நாத் உட்பட 51 கோயில்களை ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. வாரியத் தலைவர் முதலமைச்சர். அத்தலங்களின் பரம்பரைப் பூசாரிகளான தீர்த்த புரோகிதர்கள் விடாமல் போராடியதால் 2021 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் பழையபடி 1939 சட்டத்தின் கீழான குழுவிடம் போயின. அதற்கும் தலைவரை நியமிப்பது மாநில அரசுதான். துறை போய் வாரியம் வந்தாலும் நியமனம் அரசிடமே இருந்தால் பக்தருக்கு என்ன மாற்றம்?

நம்முடைய 1959 இந்து சமய அறநிலையச் சட்டத்தில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். 47ஆம் பிரிவுப்படி அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இருக்கலாம். குழு அமைக்கப்படாத கோயிலுக்கு அதன் இடத்தில் தற்காலிகப் பொறுப்பாளராகத் தக்கார் வருகிறார். பெரும்பாலும் அவர் துறை அலுவலரே. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட நிலக் குத்தகைக்கு 34ஆம் பிரிவின் கீழ் ஆணையர் அனுமதி வேண்டும். ஆக, கோயில் சார்பில் விண்ணப்பிப்பவரும் துறைக்காரர், அனுமதி தருபவரும் துறைக்காரர். கோயிலுக்காக மறுத்துப் பேச அங்கே ஆளே இல்லை. குழுக்களைக் காலத்தில் அமைத்தாலே இதில் பாதி சரியாகும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கோயில் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டால் குறை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வைத்து, துறை நியமித்த செயல் அலுவலர் காலவரம்பின்றி நீடிக்கும் கோயில்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கலாம்.

எனக்குப் பெரிய கவலை சிறு கோயில்கள்தான். துறையின் பட்டியலில் பெரும்பாலானவை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வருமானம் இல்லாதவை. வருமானமில்லாத கோயில்களில் நாளுக்கு ஒரு வேளையாவது பூஜை நடக்க உதவும் ஒருகால பூஜைத் திட்டத்தில், கோயிலுக்கு ஒரு லட்சமாக இருந்த வைப்புநிதி 2022இல் இரண்டு லட்சமாகி, பின்னர் இரண்டரை லட்சமானது. ஆறு சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். எண்ணெய், திரி, நைவேத்திய அரிசி, பூ எல்லாம் அதற்குள்தான். அர்ச்சகருக்கு மாத ஊக்கத்தொகை தனி. துறையை எடுத்துவிட்டால் இந்த வைப்புநிதி யார் பெயருக்கு மாறும், ஊக்கத்தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும்?

பெரிய கோயிலின் உபரியைப் பிற கோயில்களுக்குத் தருவதை 36ஆம் பிரிவு இப்போது ஆணையரின் முன் அனுமதியோடு அறங்காவலர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. வாரியச் சட்டம் அதைக் கட்டாயமாக்குமா, எத்தனை விழுக்காடு என்பதைக் கட்சி தன் வரைவில் எழுதி, தேர்தலுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்