வத்தத்தில் எடுத்த தண்ணீர்

திருவொற்றியூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

வேதியியல், பொதுச் சுகாதாரம், சமூகவியல் எல்லாம் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தை ஆராயத் திட்டம் எழுதுகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒரே ஒரு விண்ணப்பம். கேள்விகளை எழுதி முடிப்பதற்கு முன்னால் ஒருமுறை இங்கே வா.

போன மாதம் காட்டுக்குப்பம் போயிருந்தேன். இறால் பிடிக்கும் அக்கா ஒருத்தி, இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். கரையேறியதும் உள்ளங்கையைக் காட்டினாள். தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது. "முன்னாடி சேறு விரல்ல ஒட்டும். இப்ப பவர் பிளான்ட் சாம்பல் கலந்து மாவா உதிருது, இறால் தங்க மாட்டேங்குது" என்றாள். தண்ணீரைச் சோதிக்க வருகிறவர்களைப் பற்றிக் கேட்டேன். "ஏத்தத்துல குப்பியை முக்கினா கடல் தண்ணிதான் வரும். வத்தத்துல எடுக்கச் சொல்லு" என்றாள். ஏத்தம் என்றால் கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரம்; வத்தம் என்றால் அது வற்றி இறங்கும் நேரம். சேகர், உங்கள் ஆய்வின் முதல் பாடமே இதுதானே!

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது கையால் அள்ளியவர்களின் தோலும் மூச்சும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்பதையும் கேள்விப்பட்டியலில் சேர்த்துக்கொள்.

ஜப்பானின் மினமாட்டா ஊரை அடிக்கடி நினைக்கிறேன். அங்கே மீன் தின்றவர்களுக்கு வந்த நோய் பதிவானது 1956இல். அதற்கு முன்பே பூனைகள் தள்ளாடிச் சாவதை மீனவர்கள் பார்த்துவிட்டார்கள். பாதரசம்தான் காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு 1959இல் சொன்னது; ஆலைக் கழிவு என்று அரசு ஒத்துக்கொள்ள 1968 ஆகிவிட்டது. விஞ்ஞானம் கையில் இருந்தும் ஒன்பது வருஷம் போயிற்று. அந்த நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்த டாக்டர் ஹராடா பிற்காலத்தில் 'மினமாட்டா இயல்' என்று ஒரு படிப்பையே தொடங்கினார். மருத்துவமும் சட்டமும் சமூகவியலும் ஒன்றாக உட்கார்ந்த அந்த வகுப்பில் நோயாளிகளும் வந்து பேசினார்கள். நம் ஊருக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அப்புறம், செலவுக் கணக்கில் மீனவர்களின் நாள்கூலியையும் போடு. ஒரு நாள் உங்களோடு படகில் வந்தால் அவர்களுக்கு அன்றைய பாடு போய்விடும். முடிவுகளைத் தமிழில் எழுதி, குப்பத்துக்கே வந்து படித்துக் காட்டுங்கள். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவருக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் போவது பெரிய அநியாயம்.

தை முடிவதற்குள் வந்துவிடு. வத்த நேரம் கேட்டுச் சொல்கிறேன். படகில் உனக்கு இடம் வைக்கிறேன் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
குமார்