ஹசாராக்களின் குடும்பங்கள் வந்துசேர நாமும் எழுதவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் படகு அகதிகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஈழத்தமிழ் ஆட்களின் கதை விரிவாக இருந்தது. ஆப்கானிஸ்தானின் சிறுபான்மை இனமான, பெரும்பாலும் ஷியா முஸ்லிம்களான ஹசாராக்களுக்குக் கிடைத்தது ஒரே வரி, அதுவும் 'ஆப்கானியர்' என்ற பொதுப்பெயரில். மெல்பேர்னின் டண்டினோங்கில் அவர்களோடு அக்கம்பக்கமாக இருக்கிறவள் என்பதால் மிச்சத்தை எழுதுகிறேன்.

மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் ஹசாரா. கஸ்னி மாகாணத்துக்காரர், 2012இல் படகில் வந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைப்பார். குடும்பம் இருக்கும் பாகிஸ்தானின் குவெட்டாவில் அப்போது காலை. திரையில் மகள் தலை பின்னிக்கொண்டே கதைப்பாள். இவர் நாண் ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டைத் திரைக்கு முன்னே நீட்டுவார், அவள் வாயைத் திறப்பாள். அவர் வெளிக்கிட்டபோது அவளுக்கு இரண்டு வயது. இன்றும் இந்த விளையாட்டை அவர்கள் விடவில்லை.

தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருக்கும்வரை மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. 2023 பெப்ரவரியில் அந்த விசாக்காரர்கள் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. அதில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். சரி, இனி இவர் குடும்பமும் வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். வரவில்லை. துணைவர் விசாவுக்குக் கட்டணமே 9,000 டொலருக்கு மேல். காபூலில் இருந்த அவுஸ்திரேலியத் தூதரகம் 2021 மே மாதமே மூடப்பட்டுவிட்டது. அதனால் குடும்பங்கள் பாகிஸ்தானிலோ ஈரானிலோ போய்க் காத்திருக்கின்றன. 2023 நவம்பரிலிருந்து பாகிஸ்தான், பத்திரமில்லாத ஆப்கானியரைத் திருப்பி அனுப்புகிறது. அனுப்பினால் தலிபான் ஆட்சிக்குள்தான் போகவேண்டும்.

இலங்கையில் தமிழருக்கு எதிரான 83 யூலைக் கலவரத்தில் 'பால்திய' (சிங்களத்தில் வாளி) என்று சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்து எங்களைப் பிரித்தெடுத்தார்கள் என்று என் அம்மா சொல்லுவா. ஹசாராக்களிடம் ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை, மத்திய ஆசியச் சாயலுள்ள முகமே போதும். 2011இல் குவெட்டாவுக்கு அருகே மஸ்தூங்கில் பேருந்தை மறித்து ஹசாராக்களை இறக்கிச் சுட்டார்கள். 2022 செப்டம்பர் 30இல் காபூலில் ஹசாராக்கள் வாழும் பகுதியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவே குண்டு வெடித்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். சோதனைத்தாளோடு இருந்த பிள்ளைகள்! அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை ஓடவில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லவேண்டும். 2013 ஜனவரியில் குவெட்டா அலம்தார் வீதியில் குண்டுவெடித்தபோது, அந்தச் சனம் பிணங்களைப் புதைக்க மறுத்து, கடுங்குளிரில் சவப்பெட்டிகளோடு நாள்கணக்கில் தெருவிலேயே இருந்தது. புலம்பெயர்ந்த ஹசாராக்களும் வெளிநாட்டு நகரங்களில் இறங்கினார்கள். கடைசியில் பிரதமரே குவெட்டாவுக்கு வந்து பலுசிஸ்தான் மாகாண அரசைக் கலைக்கவேண்டியதாயிற்று. வெளியிலிருந்து எழும் குரலுக்குப் பலன் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவர்கள் கூடும் இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். பக்கத்துத் தெருவிலிருக்கும் தமிழரைக்கூட அங்கே காண்பது அபூர்வம். இது எனக்குக் கவலையாக இருக்கிறது. விசாப் படிவம் நிரப்பி நிரப்பியே பழகிய எத்தனையோ பேர் எங்களிடம் இருக்கிறார்கள். எங்கள் சங்கங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அவர்களை ஹசாராக் குடும்பங்களோடு இருத்தலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம்: குடும்ப விண்ணப்பங்களைத் துரிதப்படுத்துங்கள், கட்டணத்தைக் குறையுங்கள். இதை வாசிக்கும் அவுஸ்திரேலியத் தமிழர் ஒவ்வொருவரும் எழுதலாம். நான் எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ஹசாராப் பெண்ணையே எழுதக் கேளுங்கள். தமிழாக்க நான் உதவுகிறேன்.

வாசகி,
டண்டினோங், மெல்பேர்ன்